பதவியும் பொதோபியும்

என்னைக் கொல்கத்தா பக்கத்துச் சாந்த்ராகாச்சியில் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது அப்பாவுக்கு பெங்காலி தெரியாது. தெரியாது என்று சொல்லும் பழக்கமும் அவரிடம் கிடையாது. ரயில்வேயில் வால்டேரிலிருந்து மாற்றலாகி வந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. அதற்குள் அவர் ஒரு சூத்திரம் கண்டுபிடித்து வைத்திருந்தார். பெங்காலி வார்த்தை எதுவானாலும் அதிலிருக்கும் ‘ஓ’வை எடுத்துவிட்டு ‘அ’வைப் போடு, ‘ப’ வந்தால் ‘வ’ ஆக்கிப் பார், பாதி வார்த்தை நம் வார்த்தைதான் என்பார். ஜோல் என்றால் ஜலம். பொஷொந்தோ என்றால் வசந்தம். பெரும்பாலும் சூத்திரம் பலித்துக்கொண்டுதான் இருந்தது.

பள்ளி அலுவலகத்தில் இருந்தவர் என் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார். பிறகு தலை நிமிராமல் “பொதோபி?” என்றார். அப்பா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. சூத்திரத்தைப் போட்டார், பதவி வந்தது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு “ஹெட் கூட்ஸ் கிளார்க்” என்றார்.

பெங்காலியில் பொதோபி என்றால் குடும்பப் பெயர். வார்த்தை அதேதான், அர்த்தம்தான் வேறு. மதராஸிகளுக்கு எப்படிப்பட்ட குடும்பப் பெயரெல்லாம் இருக்கும் என்று அந்த மனிதருக்கு என்ன தெரியும்? எழுதுவதற்கு இடம் போதாததால் நடுவிலிருந்த ஒன்றை மட்டும் எடுத்து, என் பெயருக்குப் பின்னால் கூட்ஸ் என்று எழுதிவிட்டார். அந்த வருஷம் முழுக்க வகுப்பில் என் பெயர் மால்காடி. பெங்காலியில் கூட்ஸ் வண்டியை அப்படித்தான் சொல்வார்கள். நான் வகுப்புக்குள் நுழைந்தால் பின் பெஞ்சிலிருந்து ஒருத்தி விசில் ஊதுவாள்.

மறு வருஷம் அப்பா போய்ச் சண்டை போட்டு மாற்றினார். எங்களுக்குக் குடும்பப் பெயரே கிடையாது, அப்பன் பெயரின் முதல் எழுத்தை முன்னால் போடுவோம், அவ்வளவுதான் என்று விளக்கிப் பார்த்தார். கட்டத்தைக் காலியாக விட முடியாது என்றார்கள். போனால் போகிறது என்று தன் பெயரையே சொன்னார். அன்றிலிருந்து என் சான்றிதழ், பாஸ்போர்ட், வங்கிக் கணக்கு எல்லாவற்றிலும் என் பெயருக்குப் பின்னால் அப்பா நிற்கிறார். அதில் எனக்கு ஒரு குறையும் இருந்ததில்லை. அவர் ஒரு நாள் என் வேலைக்கே உலை வைப்பார் என்று யார் கண்டது?

நான் படித்தது விலங்கியல். குறிப்பாக, தண்ணீரில் வாழும் பூச்சிகள். குளிர்காலத்தில் சாந்த்ராகாச்சி ஏரிக்கு வெளிநாட்டு வாத்துகள் வரும். அவற்றைப் பார்க்க கொல்கத்தாவிலிருந்து பெரிய பெரிய கேமராக்களோடு ஆட்கள் வருவார்கள். அவர்கள் வாத்துகளைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது நான் முட்டியளவு தண்ணீரில் நின்று ஆகாயத்தாமரை வேர்களை அலசிக்கொண்டிருப்பேன். என்ன தொலைந்துவிட்டது என்று கேட்காத ஆளில்லை. மோதிரம் என்று சொல்லிவிடுவேன். பூச்சி என்று சொன்னால் அடுத்த கேள்வி வரும்.

ஏரிக்கும் தண்டவாளத்துக்கும் நடுவில் ஒரு சின்னக் குட்டை. அதில்தான் அது கிடைத்தது. எள்ளைவிடக் கொஞ்சம் பெரிது. பின்னங்கால் இரண்டையும் துடுப்பு மாதிரி வீசி நீந்தும். அதன் சொந்தக்காரப் பூச்சிகளெல்லாம் உலகம் முழுக்க இருக்கின்றன, ஆனால் இதற்கு மட்டும் பெயர் இல்லை. பெயர் இல்லை என்று உறுதி செய்வதற்கே எனக்கு வருஷங்கள் ஆயின. புதிதாக ஒன்றைப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டுமென்றால், இதுவரை யாரும் இதைப் பார்த்து எழுதவில்லை என்று முதலில் நிரூபிக்க வேண்டும். அதற்கு, இதுவரை எழுதியவர்கள் என்னென்ன எழுதினார்கள் என்று தெரிய வேண்டும். அந்தக் கட்டுரைகளோ உலகத்தின் நாலு மூலையிலும் கிடந்தன. பாதி, பணம் கட்டினால்தான் திறக்கும். மீதியைத் தேடி நூலகத்துக்குப் போனால் அந்த அலமாரியின் சாவியை வைத்திருப்பவர் லீவில் இருப்பார். ஒரு வழியாகக் கட்டுரை எழுதி, சாந்த்ராகாச்சியை லத்தீனில் வளைத்து அதற்கு ஒரு பெயரும் வைத்துவிட்டேன்.

அந்த நாட்களில் பட்ட எரிச்சல்தான் என்னை அந்த இணைய அட்டவணைப் பக்கம் தள்ளியது. பூமியில் உயிரோடு இருக்கும் எல்லா இனங்களையும், பாக்டீரியாவிலிருந்து திமிங்கலம் வரைக்கும், ஒரே இடத்தில் பட்டியலிடுவது. யார் வேண்டுமானாலும் காசு கொடுக்காமல் பார்க்கலாம் என்பது. கேட்கும்போது சுலபமாகத்தான் இருக்கும். ஒரே வண்டுக்கு மூன்று நாட்டில் மூன்று பேர் ஒருவரையொருவர் அறியாமல் மூன்று பெயர் வைத்திருப்பார்கள். ஒரே பெயரை இரண்டு பேர் இரண்டு வேறு பூச்சிகளுக்கு வைத்திருப்பார்கள். எது செல்லும், எது செல்லாது என்று ஒவ்வொன்றாகப் பார்த்துத் தீர்த்துவைக்க வேண்டும். உலகம் முழுக்க என்னைப் போன்றவர்கள் ஆளுக்கொரு பகுதியை எடுத்துக்கொண்டு சம்பளம் இல்லாமல் இதைச் செய்கிறோம். நாங்கள் அனுப்புவதையெல்லாம் ஒரு மென்பொருள் சேர்த்துத் தைத்து மாதம் ஒரு முறை புதிய பதிப்பாக வெளியிடும். கிழக்கு இந்தியாவின் நீர்ப்பூச்சிகள் என் பொறுப்பில் இருந்தன.

அம்மாவுக்கு இதில் சம்மதமில்லை. சம்பளம் தரும் வேலையைத் தேடாமல் இதென்ன ஓசி வேலை என்பாள். அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. நான் ஒப்பந்த வேலையில் இருந்தேன். ஆராய்ச்சித் திட்டம் ஒன்று இருக்கும்வரை சம்பளம், திட்டம் முடிந்தால் வீட்டுக்குப் போ, மறுபடி ஒரு திட்டம் வந்தால் வா. கொல்கத்தாவின் நியூ டவுனில் கணினி வேலைக்கு வந்த தமிழ்ப் பிள்ளைகள் சின்ன வயதிலேயே வீடு வாங்கிக்கொண்டிருந்தார்கள். நான் அப்பா ஓய்வுபெற்றபோது வந்த பணத்தில் வாங்கிய வீட்டில், ஸ்டேஷனுக்குப் பின்னாலிருந்த எங்கள் சின்ன ஃப்ளாட்டில், அவர் குடித்து வைத்த டீ டம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் ஹவுரா பக்கத்திலிருந்த ஒரு கல்லூரியில் உதவிப் பேராசிரியர் வேலைக்கு அறிவிப்பு வந்தது. நிரந்தர வேலை. வயது வரம்பைப் பார்த்தேன். அடுத்த முறை அறிவிப்பு வரும்போது நான் அதைத் தாண்டியிருப்பேன். இதுதான் கடைசி வண்டி. விண்ணப்பத்தில் என் வாழ்க்கையிலேயே பெருமையாகச் சொல்லிக்கொள்ள இருந்த ஒரே விஷயத்தை எழுதினேன்: புதிய இனம் ஒன்றைக் கண்டுபிடித்துப் பெயரிட்டிருக்கிறேன்.

பதில் வந்தது. நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு என்று நினைத்துத் திறந்தேன். அப்படி இல்லை. நீங்கள் குறிப்பிட்டுள்ள இனத்தைச் சர்வதேச அட்டவணையில் சரிபார்த்தோம், அதைக் கண்டுபிடித்தவராக வேறொருவர் பெயர் உள்ளது, உங்கள் பெயரிலுள்ள பதிவு செல்லாதது என்று குறிக்கப்பட்டுள்ளது, மாதக் கடைசிக்குள் தகுந்த ஆதாரத்துடன் விளக்கம் அளிக்காவிட்டால் விண்ணப்பம் நிராகரிக்கப்படும் என்று இருந்தது. பிறர் உழைப்பைத் தன்னுடையதாகக் காட்டுவது கடுமையான குற்றம் என்றும் ஒரு வரி.

நான் இத்தனை வருஷம் கண்ணைக் கெடுத்துக்கொண்டு சேர்த்த அட்டவணையிலேயே நான் திருடியா? இணையத்தில் தேடினேன். அதுவரை என் பூச்சியை நான் அதில் தேடியதே இல்லை. சொந்த வீட்டு விலாசத்தை யார் தேடிப் பார்க்கிறார்கள்? பக்கம் திறந்தது. என் பூச்சியின் பெயர், பக்கத்தில் அதைக் கண்டுபிடித்தவர் பெயர்.

அப்பா பெயர்.

கொஞ்ச நேரம் ஒன்றும் புரியவில்லை. பிறகு புரிந்தது, புரிந்ததும் இன்னும் எரிச்சலாக வந்தது. பூச்சிகளைக் கண்டுபிடித்தவர்களை உலகம் குடும்பப் பெயரால்தான் குறிக்கும். கட்டுரையை வெளியிட்ட பத்திரிகையின் இணையதளத்தில் கடைசிப் பெயர் என்று ஒரு கட்டம் இருந்திருக்கிறது. அதில் பாஸ்போர்ட்டில் உள்ளபடி அப்பா ஏறி உட்கார்ந்துவிட்டார். அச்சுப் பிரதியிலோ நம் வழக்கப்படி முதலில் அப்பா பெயரின் முதல் எழுத்து, பிறகு என் பெயர். அட்டவணைக்கு இணையதளத்திலிருந்து ஒரு பதிவு போயிருக்கிறது, அச்சிலிருந்து இன்னொன்று. இரண்டு வேறு ஆட்கள் இரண்டு வேறு பூச்சிகளுக்கு ஒரே பெயரை வைத்துவிட்டார்கள் என்று மென்பொருள் முடிவு செய்துவிட்டது. அப்படி வந்தால் முந்தியது செல்லும், பிந்தியது செல்லாது என்பது விதி. இணையத்தில் வந்தது அச்சுக்கு முந்தியது. ஆகவே அப்பா செல்லுபடியானார். நான் செல்லாக்காசானேன்.

அப்பா வராந்தாவில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். கைபேசியை அவர் முன்னால் நீட்டினேன். கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார்.

“ஏட்டி, இது என் பேருலா?”

“உங்க பேருதான். நீங்கதான் கண்டுபிடிச்சீங்களாம்.”

அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்த்து எனக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. கடிதத்தைக் காட்டுவதற்குள் அவர் செருப்பை மாட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போய்விட்டார். அங்கே சாயங்காலம் கூடும் ஓய்வுபெற்ற ரயில்வே ஆட்களின் அரட்டைக் கூட்டத்தில் அவர் முக்கியப் புள்ளி. அன்றே அவருக்கு சயின்டிஸ்ட் தாதா, அதாவது விஞ்ஞானி அண்ணன், என்று பெயர் வைத்துவிட்டார்கள். எல்லோருக்கும் மண் குவளையில் டீ வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தார். திரும்பி வந்ததும் அம்மா அவரை உட்காரவைத்து விஷயத்தைச் சொன்னாள். உம்ம பேரால இவ வேலை போகப்போகுது, நீரு ஊருக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுக்கீரு என்றாள். அவர் முகம் சுண்டிப்போனது. அதற்குப் பிறகு டீக்கடைப் பேச்சை எடுக்கவே இல்லை.

என்னால் நானே திருத்திக்கொள்ள முடியாது. யாரும் தன் சொந்த இனத்தின் பதிவில் கைவைக்கக் கூடாது என்பது அட்டவணையின் விதி. நல்ல விதிதான். அதைப் போட வேண்டும் என்று வாதாடியவர்களில் நானும் ஒருத்தி. பூச்சிப் பகுதிக்குப் பொறுப்பாளர் ஐஸ்லாந்துக்காரர் ஒருவர். மின்னஞ்சலில் மட்டும் பழக்கம். அவருக்கு நீளமாக எழுதினேன். தமிழர்களுக்குக் குடும்பப் பெயர் இல்லை, அந்தப் பெயர் என் தகப்பனாருடையது, அவர் ரயில்வேயில் சரக்குக் கணக்குப் பார்த்தவர், பூச்சிக்கும் அவருக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று. கல்லூரிக்கும் அச்சுப் பிரதியோடு ஒரு விளக்கம் அனுப்பினேன். அவர்கள், விளக்கம் யார் வேண்டுமானாலும் எழுதலாம், அட்டவணையில் திருத்தம் வந்தால் பரிசீலிக்கிறோம் என்று சொல்லிவிட்டார்கள்.

ஐஸ்லாந்துக்காரரின் பதில் கண்ணியமாக இருந்தது. உங்கள் சிரமம் புரிகிறது, ஆனால் ஓர் ஆசிரியரின் பெயரை நீக்க வேண்டுமென்றால் அந்த ஆசிரியரிடமிருந்தே கடிதம் வேண்டும், தயவுசெய்து அவரை எழுதச் சொல்லுங்கள், அடுத்த பதிப்பு மாதத்தின் கடைசி வாரத்தில் வெளியாகும், அதற்குள் வந்தால் நல்லது என்று எழுதியிருந்தார். அதாவது, பூச்சியைத் தான் கண்டுபிடிக்கவில்லை என்று அப்பா எழுத்துமூலம் தர வேண்டும்.

அப்பாவிடம் சொன்னேன். நான் எழுதித் தருகிறேன், உங்கள் மின்னஞ்சலிலிருந்து அனுப்பினால் போதும் என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

“நான் சர்வீஸ்ல எழுதாத லெட்டரா? நானே எழுதுதேன். நீ அந்தால போ.”

ரயில்வே ஆங்கிலம் தனி ஆங்கிலம். தொலைந்துபோன உர மூட்டைக்கு யாரும் பொறுப்பில்லை என்று மூன்று பக்கம் எழுத அது உதவும். அந்த ஆங்கிலத்தில் ஒரு விரலால் தட்டி, ஒரு காலைப்பொழுது முழுவதையும் எடுத்துக்கொண்டார். இடையில் அம்மா கொண்டுபோய் வைத்த காபி ஆறிப்போய்த் திரும்பி வந்தது. எனக்குக் காட்டாமலே அனுப்பியும் விட்டார். அனுப்பியாயிற்று என்று வந்து சொன்னார். என்ன எழுதினீர்கள் என்று கேட்டால், உள்ளதை எழுதினேன் என்றார்.

நாட்கள் போயின. பதில் இல்லை. நான் சிடுசிடுத்துக்கொண்டே இருந்தேன். சாந்த்ராகாச்சி லோக்கல் ரயிலில் இடித்துக்கொண்டு நின்றவர்களிடமெல்லாம் சண்டைக்குப் போனேன். ஒரு வார்த்தையைத் தப்பாகப் புரிந்துகொண்ட ஒரு மனிதரால், எழுத இடம் போதாமல் கூட்ஸ் என்று எழுதிய இன்னொரு மனிதரால், காலியாக விட முடியாத ஒரு கட்டத்தால், நான் கடைசி வண்டியைத் தவறவிடப் போகிறேன் என்று மனம் குமைந்தது. அப்பா என் கண்ணில் படாமல் நடமாடினார். ஒரு நாள் அம்மாவிடம் அவர், பேசாமல் அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் ஏதாவது சாமி பெயரைச் சொல்லியிருக்கலாம், சாமி பெயரில் பூச்சி வந்திருந்தால் யாரும் கேட்கமாட்டார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது.

அடுத்த நாள் ஐஸ்லாந்திலிருந்து பதில் வந்தது. அப்பாவின் கடிதத்தையும் கீழே இணைத்திருந்தார். முதலில் அதைத்தான் படித்தேன். மேற்கண்ட பொருள் தொடர்பாகக் கீழே கையொப்பமிட்டுள்ள நான் பணிவுடன் தெரிவித்துக்கொள்வது என்று ஆரம்பித்து, பணி நியமனம் முதல் ஓய்வு வரை தான் வேலை பார்த்த ஸ்டேஷன்களை எல்லாம் வரிசையாகச் சொல்லியிருந்தார். பிறகு விஷயத்துக்கு வந்திருந்தார்.

“மேற்கண்ட பூச்சியை நான் கண்டுபிடிக்கவில்லை. சரக்கு ஷெட்டில் அரிசி மூட்டைகளில் நிறையப் பூச்சிகளைப் பார்த்திருக்கிறேன். எதற்கும் பெயர் வைத்ததில்லை. நான் பெயர் வைத்த உயிர் ஒன்றே ஒன்று. இந்தப் பூச்சியைக் கண்டுபிடித்தது அதுதான்.”

மேலே படிக்க முடியவில்லை. எழுந்து போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன். அப்பா குளியலறை வாசலில் நின்றார். பதில் வந்துட்டா என்று கேட்டார். வந்துட்டு என்றேன், திரும்பிப் போய் மீதியைப் படித்தேன்.

ஐஸ்லாந்துக்காரர் எழுதியிருந்தார்: எங்கள் நாட்டிலும் குடும்பப் பெயர் கிடையாது, அப்பா பெயரோடு மகன் என்றோ மகள் என்றோ சேர்த்துக்கொள்வோம், என் அப்பா மீன் பிடிப்பவர், அவர் பெயரில் அட்டவணையில் நிறைய அந்துப்பூச்சிகள் இருக்கின்றன, அதை மாற்ற வேண்டுமென்று எனக்கு இதுவரை தோன்றியதே இல்லை, உங்கள் தகப்பனாரின் கடிதத்தைப் படித்த பிறகு இரண்டு நாள் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன், தாமதத்துக்கு மன்னிக்கவும். இரண்டு பதிவுகளையும் ஒன்றாக்கிவிட்டதாகவும், இந்தப் பதிப்பிலேயே வந்துவிடும் என்றும் கடைசியில் இருந்தது. கூடவே ஒரு வேலையும் வைத்திருந்தார். இதேபோல் தென்னிந்தியர்களில் இன்னும் எத்தனை அப்பாக்கள் தங்களுக்குத் தெரியாமலே மீனும் நண்டும் கண்டுபிடித்திருக்கிறார்கள் என்று நீங்கள் தேடித்தர முடியுமா என்று கேட்டிருந்தார். தருகிறேன் என்று உடனே எழுதினேன். இப்போதும் அந்த வேலை ஓடிக்கொண்டிருக்கிறது.

பதிப்பு வெளியாகும் நாளன்று காலையில் நான் ஹவுராவிலிருந்து கொல்கத்தாவுக்குப் படகில் போய்க்கொண்டிருந்தேன். கங்கையின் நடுவில் சிக்னல் போய்ப் போய் வந்தது. பக்கம் பாதி திறந்து நின்றது, மறுபடி திறந்தேன், மறுபடி நின்றது. படகு கரையில் முட்டி எல்லோரும் இறங்கத் தொடங்கிய நேரத்தில்தான் முழுதாகத் திறந்தது. என் பூச்சியின் பெயர், பக்கத்தில் என் பெயர். செல்லாது என்ற வார்த்தை எங்கேயும் இல்லை. அப்படியே உட்கார்ந்துவிட்டேன். படகுக்காரர் இறங்கச் சொல்லிக் குரல் கொடுத்தார். இறங்குகிறேன் அண்ணா என்று தமிழில் சொல்லிவிட்டு இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பல நாட்களாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் இறங்கி எங்கேயோ போய்விட்டது. பசி எடுத்தது. கரையில் நின்று இரண்டு தட்டு கச்சோரி சாப்பிட்டேன்.

சாயங்காலம் அப்பாவிடம் அந்தப் பக்கத்தைக் காட்டினேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

“என் பேரு போயிட்டா?”

எனக்குச் சுருக்கென்றது. முழுப் பெயரைக் காட்டும் இடத்தைத் தொட்டுத் திறந்தேன். அங்கே என் பெயருக்கு முன்னால் ஒற்றை எழுத்து நின்றது. இதோ இருக்கிறீர்களே என்று விரலை வைத்துக் காட்டினேன்.

“அது போதும்ட்டி” என்றார். “இஞ்சின் முன்னாலதாம்லா இருக்கணும். இந்த ஊர்க்காரனுவதான் என்னைக் கொண்டுபோய் கடைசியில இருக்க கார்டு வண்டியில ஏத்திவிட்டானுவ.”

திருத்தத்தைப் பார்த்துக் கல்லூரி அழைத்த நேர்முகத் தேர்வில் அந்தப் பேச்சு வந்தது. நடுவில் உட்கார்ந்திருந்த அம்மையார், உங்கள் அப்பா இப்போது வேறு ஏதாவது கண்டுபிடித்திருக்கிறாரா என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு குட்டையைப் பற்றியும் ஆகாயத்தாமரையைப் பற்றியும் கேட்டார்கள். அதெல்லாம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. சில வாரங்களில் நியமன ஆணை வந்தது. அம்மா அதை வாங்கிச் சாமி படத்துக்கு முன்னால் வைத்தாள். எடுத்துக்கொண்டு போனால்தான் வேலையில் சேர முடியும் என்று நான் கெஞ்சிய பிறகுதான் கொடுத்தாள்.

சேர்ந்த அன்று கல்லூரி அலுவலகத்தில் கணினிக்கு முன்னால் ஒருவர் இருந்தார். என் பெயரைக் கேட்டுத் தட்டிக்கொண்டார். பிறகு தலை நிமிராமல் “பொதோபி?” என்றார்.

நான் சாந்த்ராகாச்சியில் வளர்ந்தவள். தமிழைவிட பெங்காலி வேகமாகப் பேசுவேன். பொதோபி என்றால் என்ன என்று எனக்கு நன்றாகவே தெரியும். ஆனால் என் வாயிலிருந்து வந்தது, “அசிஸ்டென்ட் ப்ரொஃபசர்.”

அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். நான் சிரிக்க ஆரம்பித்தேன். நிறுத்த முடியவில்லை. என்ன ஆயிற்று இந்தப் பெண்ணுக்கு என்று பக்கத்து மேஜைக்காரர் எட்டிப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, எனக்குக் குடும்பப் பெயர் கிடையாது, காலியாக விட்டுவிடுங்கள் என்றேன். கட்டம் காலியாக இருந்தால் ஏற்றுக்கொள்ளாது என்றார். ஒரு புள்ளி வைத்துப் பாருங்கள் என்றேன். வைத்தார். ஏற்றுக்கொண்டது.

வீட்டுக்கு வந்து சொன்னேன். அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்பா சிரிக்கவில்லை. டிவியின் சத்தத்தைக் குறைத்தார்.

“அன்னைக்கு நானும் அதத்தாம்லா சொன்னேன்” என்றார். “பதவி என்னன்னு கேட்டான், சொன்னேன். என்னைய மட்டும் எல்லாருமாச் சேந்து சிரிச்சிய.”

தப்புதான் என்றேன். பிறகு அவரைச் சீண்டுவதற்காக, இப்போது யாராவது உங்களிடம் பொதோபி கேட்டால் என்ன சொல்வீர்கள், ரிட்டையர் ஆகிவிட்டீர்களே என்றேன். அவர் அதை ஏற்கெனவே யோசித்து வைத்திருந்தார்போல.

“ப்ரொஃபசரோட அப்பான்னு சொல்லுவேன்” என்றார். “இவ்வளவு காலம் என் பேர நீ சுமந்தேலா. இனி நான் சுமக்கேன்.”

செருப்பை மாட்டிக்கொண்டு டீக்கடைக்குக் கிளம்பினார்.